அனல்மின் நிலையத் துணிப்பை வடிகட்டி நெடுநாள் உழைக்க என்ன வழி?

அனல்மின் நிலையங்களில் புகையிலுள்ள சாம்பலைப் பிடிக்கும் துணிப்பையை மேம்படுத்த முடியுமா என்று திருநெல்வேலியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். முடியும்.

முதலில் துணி. பாலியெஸ்டர் சுமார் 130 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். நிலக்கரிப் புகை அதை எளிதில் தாண்டிவிடும். பிபிஎஸ் (பாலிஃபீனிலீன் சல்ஃபைடு) என்ற செயற்கை இழை 190 வரை தாங்கும், அமிலத்துக்கும் அசையாது. ஆனால் புகையில் ஆக்சிஜன் மிகுந்தால் நொறுங்கிவிடும். அதன்மேல் டெஃப்ளான் சவ்வு ஒட்டினால், சாம்பல் உள்ளே புகாமல் பழகிய கல்லிலிருந்து தோசை எழும்புவதுபோலப் பிரிந்துவிடும்.

பை சீக்கிரம் கிழிந்தால் பலர் துணியையே குறை சொல்கிறார்கள். என் சந்தேகம் பைக்குள் அதை விறைப்பாகத் தாங்கும் கம்பிக் கூண்டின்மேல்தான். கழற்றிய பையில் கம்பித்தடங்கள் நெடுங்கோடுகளாகத் தேய்ந்திருந்தால், கூண்டு துருப்பிடித்திருக்கலாம், அல்லது சாம்பலை உதிர்க்க அளவுக்கு மீறிக் காற்றடித்துப் பையை உதறுகிறார்கள். பையின் உள்ளும் வெளியும் உள்ள காற்றழுத்த வேறுபாடு ஏறிய பிறகு உதறினால் போதும். கொதிகலனை எண்ணெயில் பற்றவைக்கும் முன் பைகளில் சுண்ணாம்புத் தூள் படியவிடுங்கள், எண்ணெய்க்கரி ஒட்டாது.