ரிஃபூஜியம்: குமரி மாவட்டத் தொட்டிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

உப்புநீர் மீன் தொட்டியின் சம்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டி) ஓர் அறையை ஒதுக்கி, அதில் பாசியையும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் திரியும் சிறு உயிர்களையும் வளர்ப்பதுதான் ரிஃபூஜியம். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

நாகர்கோவில்: அண்ணே, சம்பில் போட்ட கீட்டோ (பந்து மாதிரித் திரளும் பச்சைக் கடற்பாசி) முதலில் நன்றாக வளர்ந்தது. இப்போது வெளுத்து உதிர்கிறது. ஆனால் மேல் தொட்டியில் முடிப்பாசி மண்டிவிட்டது. லைட்டை மாற்றவா?

லைட்டுக்குச் செலவு செய்யும் முன்பு அந்தப் பந்தைக் கையில் எடுத்துப் பிரித்துப் பாருங்கள் தம்பி. வெளிப்பக்கம் பச்சையாகவும் உள்ளே வெளிறி, விரலில் பழுப்பு அழுக்கு ஒட்டுவதாகவும் இருந்தால், பந்து பெருத்துப்போய் உள்ளே வெளிச்சம் நுழையவில்லை என்று அர்த்தம். உள்பகுதியை வீசிவிட்டு, பச்சையான பகுதியைத் தொட்டி நீரிலேயே அலசித் திரும்பப் போடுங்கள்.

பந்து முழுக்க ஒரே மாதிரி வெளுத்திருந்தால் பெரும்பாலும் பட்டினிதான். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் கீட்டோ வளராது. நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் வரை இருக்கட்டும், பயப்பட வேண்டாம். டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டுகிறது, மேலே முடிப்பாசியும் இருக்கிறது என்றால், சத்து முழுவதும் அந்த முடிப்பாசியின் உடம்புக்குள் போய்விட்டது. அதைக் கையால் பிய்த்து எடுங்கள். மேல் லைட்டின் நேரத்தைக் குறைத்து, கீழே கூட்டுங்கள்.

இன்னொன்று. பாசி நைட்ரேட்டை உறிஞ்சினால் மட்டும் தொட்டி சுத்தமாகிவிடாது. பாசியை அறுத்து வெளியே எறியும்போதுதான் அது தொட்டியை விட்டுப் போகிறது. உள்ளேயே அழுகினால் உறிஞ்சியதெல்லாம் தண்ணீருக்கே திரும்பும். பலரும் பாசி செழிப்பதைப் பார்த்து ரசித்துக்கொண்டே இருப்பார்கள், கத்தரிக்கோலை எடுக்க மனசு வராது. அறை நிறைந்ததும் மூன்றில் ஒரு பங்கையாவது எடுத்துவிடுங்கள். தென்னைக்குப் போடுவதாக இருந்தால் உப்புப் போக நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள்.

மார்த்தாண்டம்: காலையில் பிஎச் 7.8, சாயங்காலம் 8.2. ரிஃபூஜியம் லைட்டை எப்போது போடுவது?

ராத்திரியில். மேல் தொட்டியில் விளக்கு அணைந்ததும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். ஆனால் மீனும் பவளமும் பாசியும் மூச்சு விடுவதை நிறுத்தாது. கார்பன் டை ஆக்சைடு கூடி பிஎச் இறங்குகிறது. அந்த நேரத்தில் கீழே பாசி விழித்திருந்தால் அதில் ஒரு பகுதியை இழுத்துக்கொள்ளும். ஏசி போட்டு மூடிய அறை என்றால் ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

குளச்சல்: நம்ம பாறையில் இல்லாத பாசியா? காசு கொடுத்து எதற்கு கீட்டோ வாங்க வேண்டும்?

நியாயமான கேள்விதான். முட்டம் பக்கம் அலை அடிக்கிற பாறையில் விறைப்பாகக் கொத்துக் கொத்தாக நிற்பதும் கீட்டோ இனம்தான். ஆனால் அது பாறையைப் பிடித்து, அலையில் அடிபட்டே வாழ்ந்து பழகியது. சம்பின் மெதுவான நீரோட்டத்தில் நிலைக்காது. நமக்கு வேண்டியது எதையும் பற்றாமல் சிக்கு விழுந்த நைலான் நூல் மாதிரி மிதக்கிற வகை.

திராட்சைக் கொத்து மாதிரியான காலெர்ப்பா நன்றாக வளரும். ஆனால் ஒருநாள் திடீரென்று இனப்பெருக்கத்துக்குப் போய், ராத்திரியோடு ராத்திரியாகப் பாசி கண்ணாடி போல வெளுத்து, தண்ணீர் பால் மாதிரி கலங்கிவிடும். ஆக்சிஜனும் இறங்கும். அடிக்கடி அறுக்கிறவர் மட்டும் வையுங்கள்.

பாறையிலிருந்து எதைக் கொண்டு வந்தாலும் இரண்டு மூன்று வாரம் தனி வாளியில், லைட்டும் காற்றும் கொடுத்து வைத்துப் பாருங்கள். ஒளிந்திருக்கும் நண்டெல்லாம் அங்கேயே வெளியே வந்துவிடும்.

தக்கலை: மணவாளக்குறிச்சி கறுப்பு மணலை அடியில் போடலாமா? பார்க்க அழகாக இருக்கிறது.

வேண்டவே வேண்டாம். அதில் இல்மனைட், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்திருக்கிறது. மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு. கடற்கரை மணலை அள்ளுவதே வம்பு. ரிஃபூஜியத்துக்கு மணல் கட்டாயமும் இல்லை. வெறும் கண்ணாடித் தரை என்றால் அழுக்கை உறிஞ்சி எடுப்பது சுலபம். போட்டே ஆக வேண்டுமென்றால் கடையில் கிடைக்கும் அரகோனைட் (சுண்ணாம்பு) மணல் போடுங்கள்.

கன்னியாகுமரி: ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து பவளப் பாறைத் துண்டு வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்...

வாங்காதீர்கள். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டானாலும் கேஸ்தான். செராமிக் கல் போதும், கோபிபாட் (ரிஃபூஜியத்தில் திரியும் சிறு உயிர்) அதிலும் குடியேறும்.

தேங்காப்பட்டணம்: கடல் தண்ணீரே பயன்படுத்துகிறேன். மழைக்காலத்தில் பாசி சுருங்குகிறது.

ஆறு கடலில் சேருகிற இடத்துப் பக்கம் அள்ளினால் மழைக்காலத்தில் உப்பு குறைவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கேனையும் ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பின் அளவைக் காட்டும் கருவி) பாருங்கள். 35 பிபிடி இல்லையென்றால் உப்பு சேர்த்துச் சரிசெய்த பிறகே ஊற்றுங்கள். ஜூன், ஜூலையில் கலங்கல் வேறு. அந்த மாதங்களில் பேசாமல் செயற்கை உப்புக்கு மாறிவிடுவது நல்லது.

இரணியல்: மாண்டரின் மீன் வாங்கலாமா?

ரிஃபூஜியம் போட்டு ஆறு மாதமாவது ஆகட்டும். ராத்திரி டார்ச் அடித்தால் கண்ணாடியில் கோபிபாட்கள் வெள்ளைப் புள்ளிகளாக ஓட வேண்டும், அந்த மீனின் தீனி அவைதான். செம்பு கலந்த மருந்து ஊற்றிய தொட்டி என்றால் அவை பிழைக்காது, நினைக்கவே வேண்டாம்.

திங்கள்சந்தை: கரண்ட் போனால் சம்ப் நிரம்பித் தரையில் வழிகிறது. வீட்டில் தினமும் சண்டை.

சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் திரும்பு குழாயில், மேல் தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போடுங்கள். பம்ப் நின்றதும் அதன் வழியாகக் காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். அந்தத் துளையில் பாசி அடைத்துக்கொள்ளும், வாரம் ஒருமுறை பல்குச்சியால் குத்திவிடுங்கள். அப்புறம் வேண்டுமென்றே பம்பை நிறுத்தி, மேலிருந்து வடிவதெல்லாம் வடிந்த பிறகும் சம்பில் இடம் மிச்சமிருக்கும்படி தண்ணீரைக் குறைத்து, பம்ப் ஓடும்போதுள்ள மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். அதற்கு மேல் ஊற்றாதீர்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருந்தால் அதை மேல் தொட்டிக்கே கொடுங்கள். முதலில் மூச்சுத் திணறப்போவது மீன்தான்.