ஜப்பானில் குடும்பத்தோடு வாழும் அப்பாவாக உங்கள் அனுபவம் எப்படி? பிள்ளைகளை விடுமுறைக்கு எங்கே கூட்டிப் போவீர்கள்?

டோக்கியோவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. சொந்த ஊர் தூத்துக்குடி. எடோகாவா வார்டில் நிஷி-கசாய் பக்கம் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். 2000-ஐ ஒட்டிக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இந்தியர்கள் குடியேறி வளர்ந்த பகுதி இது. உளுந்துக்கும் கறிவேப்பிலைக்கும் அலைய வேண்டியதில்லை. மகள் நான்காம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. இரண்டு பேரும் பக்கத்து அரசுப் பள்ளியில் ஜப்பானியப் பிள்ளைகளோடு படிக்கிறார்கள்.

காசு விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் கார்டை நீட்டினால் போதும். பிள்ளை ஒன்றுக்கு மாதம் பத்தாயிரம் யென் உதவித்தொகை வருகிறது. 2024 அக்டோபரிலிருந்து அதற்குச் சம்பள வரம்பும் கிடையாது. ஆனால் தாத்தா பாட்டி இல்லாத ஊர். மகன் பகல்நேரக் குழந்தைக் காப்பகத்தில் இருந்த காலத்தில் உடம்புச் சூடு 37.5 டிகிரியைத் தொட்டால் போன் வந்துவிடும். மீட்டிங்கை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். டயப்பர் ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயரை எழுதி அனுப்பச் சொல்வார்கள். ராத்திரி சாப்பிட்டபின் மார்க்கரோடு உட்கார்ந்து கட்டுக் கட்டாக எழுதித் தள்ளியிருக்கிறேன். ஹிராகானா எழுத்து எனக்குக் கைவந்தது அப்படித்தான்.

எங்களுக்கு உண்மையான கஷ்டம் சத்தத்தில்தான். இங்கே இப்படிப்பட்ட அடுக்குமாடிக்கு ‘மன்ஷன்’ என்று பெயர். (திருவல்லிக்கேணி மேன்ஷனை நினைத்துக்கொள்ளாதீர்கள், இது வேறு.) மகளுக்கு ஐந்து வயது, மகன் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தான். ஒரு நாள் தபால் பெட்டியில் ஒரு தாள் கிடந்தது. போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தேன். கட்டட நிர்வாகத்திலிருந்து. மேல்தளத்தில் குழந்தைகள் ஓடும் சத்தம் பற்றி ஒரு குடியிருப்பாளர் தெரிவித்திருக்கிறார், தயவுசெய்து கவனம் எடுத்துக்கொள்ளவும் என்று அவ்வளவு பணிவாக எழுதியிருந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்றும் இல்லை, சொன்னது யார் என்றும் இல்லை. கீழ்வீட்டு அம்மா லிஃப்ட்டில் பார்த்தால் எப்போதும் போலச் சிரித்தார். அவர்தானா, வேறு யாரோவா, இன்றுவரை தெரியாது.

நாங்கள் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிறோமோ என்று தோன்றும் ஊர்க்காரர்கள். தரை முழுக்க ரப்பர் பாய் வாங்கிப் போட்டோம். “ஏங்க, அவனை மெதுவா நடக்கச் சொல்லுங்க” என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுப்பாள். அந்தக் குரலே கீழே கேட்டிருக்கும். ரயிலில் மெதுவா, மாடிப்படியில் மெதுவா, ராத்திரி எட்டு மணிக்கு மேல் ரொம்ப மெதுவா. இரண்டு பிள்ளைகளும் தமிழில் முதலில் திருத்தமாகச் சொல்லக் கற்றுக்கொண்ட வார்த்தையும் அதுதான்.

சரி, விடுமுறைக்கு வருகிறேன். இங்கே கோடை விடுமுறை ஜூலை 20 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை. ஜப்பான், தீவு என்றதும் எல்லோரும் ஒகினாவாவைச் சொல்வார்கள். நாங்களும் ஒரு செப்டம்பரில் போனோம். சூறாவளி வந்து, மூன்று நாளில் இரண்டு நாள் ஹோட்டல் ஜன்னலைப் பார்த்தபடி கழிந்தது. அதற்கு அழுத விமானக் காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பிறகுதான் அலுவலக நண்பர் ஒருவர் இஸு தீவுகளைப் பற்றிச் சொன்னார். டோக்கியோவுக்குத் தெற்கே கடலில் வரிசையாகக் கிடக்கும் எரிமலைத் தீவுகள். விசேஷம் என்னவென்றால், அவையும் நிர்வாகப்படி டோக்கியோதான். எங்கள் வீட்டு வரி போகிற அதே டோக்கியோ. அங்கே ஓடும் கார்களில்கூட ‘ஷினகாவா’ என்றுதான் நம்பர் பிளேட் இருக்கும். அவற்றில் பெரியது இஸு ஓஷிமா, டோக்கியோவிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். வேகப்படகில் ஒன்றே முக்கால் மணி நேரம். பிள்ளைகள் இருந்தால் அதில் போகாதீர்கள், ராத்திரிக் கப்பலில் போங்கள்.

ஹமமட்சுச்சோ ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் தகெஷிபா துறை. ராத்திரி பத்து மணி வாக்கில் கப்பல் கிளம்பும், ரெயின்போ பாலத்துக்கு அடியில் போகும், காலை ஆறு மணிக்கு ஓஷிமா. மலிவான வகுப்பில் கட்டில் கிடையாது. கம்பளம் விரித்த தரையில் வரிசையாகப் படுக்க வேண்டும். போர்வை வாடகைக்குக் கிடைக்கும். ஊர்க் கல்யாண மண்டபத்தில் முதல் நாள் ராத்திரி படுப்போமே, அதே மாதிரி. புளியோதரை கட்டிக்கொண்டு போய் மேல்தளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இன்ஜின் இரைச்சலில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை. மனைவி அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

ஓஷிமாவில் ஒகாதா, மொதோமாச்சி என்று இரண்டு துறைகள். எதில் கப்பல் நிற்கும் என்பதை அன்றைய காற்றையும் அலையையும் பார்த்துக் காலையில்தான் அறிவிப்பார்கள். பஸ்ஸும் அதற்கேற்ப மாறும். எட்டு மாதம் முன்பே எல்லாவற்றையும் திட்டமிடுகிற நாட்டில் இது எனக்குப் பெரிய ஆறுதல்.

தீவின் நடுவில் மிஹாரா மலை, 758 மீட்டர். மேல்வாசல் வரை பஸ் போகும். அங்கிருந்து எரிமலை வாய்க்கு முக்கால் மணி நேர நடை, தார் போட்ட பாதை. வழியில் எரிமலை கல்மழை பொழிந்தால் ஒதுங்கக் காங்கிரீட் கொட்டகைகள். 1986 நவம்பரில் மலை வெடித்தபோது தீவில் இருந்த சுமார் பத்தாயிரம் பேரையும் ஓர் இரவுக்குள் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் திரும்ப முடிந்தது. நாங்கள் தங்கிய மின்ஷுகு (வீட்டோடு சேர்ந்த சின்ன விடுதி) பாட்டி அன்றைக்கு அடுப்பில் வைத்த சோற்றை அப்படியே விட்டுப் போனாராம். ஆனால் மலையைத் திட்டவில்லை. ‘கோஜின்கா’, தெய்வத்தின் நெருப்பு என்றுதான் மரியாதையாகச் சொன்னார்.

மலையின் கிழக்குப் பக்கம் ‘உரா சபாகு’, பின்பக்கப் பாலைவனம். திருச்செந்தூர் போகிற வழியில் தேரிக்காடு பார்த்திருப்பீர்கள் அல்லவா? அந்தச் செம்மணலுக்குக் கருப்புச் சாயம் ஏற்றினால் எப்படியோ அப்படி. எரிமலைச் சரளை, காலை வைத்தால் பொரியை மிதித்த மாதிரி நொறுங்கும். கண்ணுக்கெட்டின தூரம் வரை ஒரு ஆள் இல்லை. சின்னவன் இரண்டு அடி எடுத்து வைத்தான், நின்றான், திரும்பி என்னைப் பார்த்தான்.

“அப்பா, இங்க ஓடலாமா?”

ஆறு வயதுப் பையன் வெட்டவெளியில் நின்று அனுமதி கேட்கிறான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஓடுடா என்றேன். அவன் ஓடவில்லை, முதலில் நின்ற இடத்திலேயே தொம் தொம்மென்று குதித்தான். அப்புறம் அக்காவும் சேர்ந்துகொண்டாள். ஒரு மணி நேரம் போட்ட கூச்சலில் கோஜின்காவே எழுந்து வந்திருக்கும்.

சாப்பாட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அஷிதபா என்று ஒரு கீரை, இன்று பறித்தால் நாளை துளிர்க்கும் என்று பெயர். அதை தெம்புரா போடுவார்கள். நம் கீரை பஜ்ஜிதான், மாவு மட்டும் மெல்லிசு. பெக்கோ சுஷி என்பது தீவு மிளகாய் ஊறிய சோயாவில் மீனைப் புரட்டி வைப்பது. ஜப்பானில் சுஷி தின்று எனக்கு மூக்கு ஒழுகியது அங்கேதான். அப்புறம் குசாயா. நாற்றத்துக்குப் பேர்போன கருவாடு. அந்தக் காலத்தில் உப்பு அருமையாம், வரிக்குப் போய்விடுமாம். அதனால் ஒரே உப்புத் தண்ணீரில் திரும்பத் திரும்ப மீனை முக்கி எடுத்திருக்கிறார்கள், அது புளித்து இந்த வாசம் வந்துவிட்டது. உப்பளத்து ஊரில் பிறந்தவனுக்கு, உப்புப் பஞ்சத்தில் பிறந்த கருவாடு. பாட்டி அடுப்பில் சுட்டதும் பிள்ளைகள் இரண்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடின. நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மழைக்காலத்து அம்மா வீட்டுச் சமையலறை.

நீங்களும் போவதானால் ஒன்றிரண்டு விஷயம். கடைசி நாள் மொதோமாச்சியில் ஹமா-நோ-யு என்கிற வெந்நீர்க் குளத்துக்கு மாலையில் போங்கள். நீச்சலுடையோடு குடும்பமாக இறங்கலாம், வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி தெரியும். கடல் முரண்டு பிடிக்கும் நாட்களில் ‘நிபந்தனையோடு புறப்பாடு’ என்று அறிவிப்பார்கள்; அலை இருந்தால் தீவில் நிற்காமலே திரும்பிவிடும் என்று அர்த்தம். அதே வரிசையில் இன்னொரு தீவான ஷிகினேஜிமாவுக்குப் போனபோது எங்களுக்கு அதுதான் நடந்தது. தீவைக் கண்ணால் பார்த்துவிட்டு டோக்கியோ வந்து சேர்ந்தோம், பிள்ளைகளுக்கு மட்டும் கப்பலில் கூடுதலாக ஒரு பகல் கிடைத்த சந்தோஷம். லீவைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். திரும்பும்போது அலுவலகத்துக்கு ஓஷிமா பால் செம்பே பிஸ்கட் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் ஊரிலிருந்து மக்ரூன் கொண்டு வருவோமே, அது மாதிரி.

எனக்காக ஒரு பாக்கெட் குசாயாவும் வாங்கி வந்தேன். போன ஆகஸ்டிலிருந்து அது ஃப்ரீசரில் கிடக்கிறது. எங்கே வைத்துச் சுடுவது? சத்தத்துக்கு ஒரு கடிதம் வந்தாயிற்று, வாசத்துக்கு இன்னொன்று வரும். அடுத்த தடவை தீவுக்குப் போகும்போது அதையும் கூடவே கப்பலேற்ற வேண்டியதுதான் என்கிறாள் மனைவி.