ஜிஆர்இ, ஜிமேட்: விடைக்கேற்ப மாறும் தேர்வுகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: முதுநிலைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ, மேலாண்மைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிமேட் ஆகிய இரண்டு கணினித் தேர்வுகளும், நாம் தரும் விடைகளுக்கேற்ப வினாக்களின் கடினத்தை ஒரே முறையில்தான் மாற்றுகின்றனவா?

பதில்: இல்லை. ஜிமேட்டில் ஒவ்வொரு விடைக்குப் பின்னும் அடுத்த வினா தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஜிஆர்இயோ 2011 ஆகஸ்ட் முதல் பகுதிவாரியாகவே மாறுகிறது. மொழித்திறனிலும் கணிதத்திலும் தனித்தனியாக, முதற்பகுதியின் 12 வினாக்களை ஒட்டுமொத்தமாக எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தே 15 வினாக்கள் கொண்ட இரண்டாம் பகுதியின் கடினம் அமையும்.

கேள்வி: ஜிமேட்டில் முதல் ஐந்து வினாக்களே மதிப்பெண்ணைத் தீர்மானித்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை அன்று, இந்த நம்பிக்கையால் நல்ல மாணவர்கள் கெட்டுப்போகிறார்கள். தொடக்கத்தில் உங்களைப் பற்றிய தகவல் குறைவு என்பதால் உங்கள் திறன் பற்றிய கணிப்பு பெரிய அளவில் ஏறி இறங்கும். விடைகள் சேரச் சேர அந்த அசைவு சுருங்கும். ஆனால் இறுதி மதிப்பெண் எல்லா விடைகளையும், அவ்வினாக்களின் கடினத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. கணிதப் பகுதியில் 45 நிமிடத்தில் 21 வினாக்கள். முதல் ஐந்துக்குத் தலா நான்கு நிமிடம் செலவிட்டால், மீதி 16 வினாக்களுக்கு 25 நிமிடமே இருக்கும். அவசரத்தில் தெரிந்ததும் தவறும். முடிக்காமல் விட்ட வினாக்களுக்கு மதிப்பெண் குறையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி (இன்னொருவர்): ஏற்க முடியவில்லை. தொடக்கத்தில் தவறினால் எளிய வினாக்களே வருமே, பிறகு எப்படி மேலேறுவது?

பதில்: எளிய வினாவுக்குச் சரியாக விடையளித்ததும் அடுத்தது கடினமாகிறது, ஏறும் வழி அடைபடுவதில்லை. உங்கள் வாதம் ஓரளவு பொருந்துவது ஜிஆர்இக்குத்தான். அங்கே சரியான விடைகளின் எண்ணிக்கை சமமாக இருந்தாலும், கடினமான இரண்டாம் பகுதியைச் செய்தவருக்கே மதிப்பெண் கூடும். ஆகவே முதற்பகுதி முக்கியம். ஆனால் அதன் 12 வினாக்களும் முக்கியமே தவிர, முதல் ஐந்து மட்டும் அன்று.

கேள்வி: முதல் பத்து வினாக்களுக்காவது கூடுதல் நேரம் ஒதுக்கலாமா?

பதில்: வேண்டாம். மேலே விடை இருக்கிறது.

கேள்வி: விடையைத் திருத்த முடியுமா?

பதில்: ஜிஆர்இயில் அந்தப் பகுதிக்குள் தடையின்றித் திருத்தலாம். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் பகுதியின் முடிவில், நேரம் மீதமிருந்தால், மூன்று விடைகள் வரை மாற்றலாம்.

கேள்வி: தேர்வெழுதியவர்கள் நினைவிலிருந்து பகிரும் வினாத் தொகுப்புகள் பயன்படுமா?

பதில்: தொடவே தொடாதீர்கள். ஒரே வினா வங்கியிலிருந்து நாள்தோறும் தேர்வு நடத்தும் முறைக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. 1994இல் கேப்லன் என்ற பயிற்சி நிறுவனம் தன் ஊழியர்களை ஜிஆர்இ தேர்வுக்கு அனுப்பி, வினாக்களை மனப்பாடம் செய்துவர முடியும் என்று காட்டியது. அத்தேர்வை நடத்தும் ஈடிஎஸ் அமைப்பு கணினித் தேர்வு நாள்களைக் குறைக்க நேர்ந்தது. 2002இல் சீனா, தைவான், தென்கொரியா ஆகிய இடங்களில் வினாக்கள் இணையத்தில் பரவியதால், அங்கே ஜிஆர்இயின் பொதுத் தேர்வு கணினியிலிருந்து தாளுக்கே திரும்பியது. நேர்மையாகப் படித்தவர்களும் அந்த அலைச்சலில் மாட்டிக்கொண்டார்கள்.

கேள்வி: ஐஐஎம் கேட் தேர்வும் இப்படித்தானா?

பதில்: கணினியில் நடக்கிறது, விடைக்கேற்ப மாறுவதில்லை.

கேள்வி: என் மதிப்பெண்ணுக்கு எந்தப் பல்கலைக்கழகம் கிடைக்கும்?

பதில்: என் துறை அன்று. அந்தந்தத் துறையின் சேர்க்கைப் பக்கத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஜிஆர்இ கணித இரண்டாம் பகுதி மிக எளிதாகத் தோன்றியது. மதிப்பெண்ணை ரத்து செய்துவிடலாமா?

பதில்: கூடாது. தேர்வின் நடுவே வினாவின் கடினத்தை எடைபோடாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். நன்கு தயாரித்தவருக்குக் கடின வினாவும் எளிதாகவே தோன்றும். ரத்து செய்தால் மதிப்பெண்ணைப் பார்க்கவும் முடியாது. பார்த்துவிடுங்கள்; எந்தத் தேர்வின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பதைப் பிறகு நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.