கேள்வி உங்களுடையது: டேப் டிரைவ் வாயில் கை வைக்காதீர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டேப் டிரைவைப் பற்றித்தான். ஹார்ட் டிஸ்க் விலையைப் பார்த்து மலைத்துப்போய் நம் ஆட்கள் செகண்ட்ஹேண்ட் எல்டிஓ டிரைவ்களை (கம்ப்யூட்டர் டேட்டாவைக் கார்ட்ரிஜில் இருக்கும் காந்த நாடாவில் எழுதி வைக்கும் கருவி, பெயரோடு வரும் எண் அதன் தலைமுறை) வாங்க ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது. நல்லதுதான். அதனால் இந்த முறை மொபைல், வைஃபை கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு டேப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கிறேன். பழைய ஃபூட்டேஜைச் சேர்த்து வைக்க ஒரு எல்டிஓ-6 டிரைவ் வாங்கினேன். கார்ட்ரிஜை முக்கால்வாசி தள்ளியதும் அதுவாகவே உள்ளே இழுத்துக்கொள்கிறது, அப்புறம் கடமுடவென்று சத்தம், கொஞ்ச நேரம் ஒன்றுமே நடப்பதில்லை. ஒரு கார்ட்ரிஜ் மட்டும் போன வேகத்தில் திரும்பி வந்துவிடுகிறது. அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளலாமா? (வாசகர், சாட்ஸ்வர்த்)

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. கார்ட்ரிஜை நேராக வாயில் வைத்து, டிரைவ் பிடித்துக்கொள்ளும் வரை தள்ளுவது மட்டும்தான் உங்கள் வேலை. மிச்சம் இருப்பதை உள்ளே இருக்கிற மோட்டார் பார்த்துக்கொள்ளும். அதன் மேல் நீங்களும் சேர்ந்து அழுத்தினால் தேய்வது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம்தான், அதற்கு இங்கே ஸ்பேர் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அந்தக் கடமுடவுக்கு அர்த்தம் இருக்கிறது. கார்ட்ரிஜ் உள்ளே நகரும்போதே அதன் பக்கவாட்டுக் கதவு, ஸ்பிரிங் வைத்த சின்னக் கதவு, திறக்கப்படுகிறது. முழுக்க உள்ளே போனதும் அடிப்பக்கத்தில் இருக்கிற துளைகளில் டிரைவின் ஊசிகள் வந்து உட்கார்கின்றன, அதனால் ஒவ்வொரு தடவையும் கார்ட்ரிஜ் அதே இடத்தில்தான் நிற்கும். கார்ட்ரிஜைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றிப் பல் பல்லாக வெட்டியிருப்பது தெரியும். அந்தப் பற்களில் மோட்டாரின் பற்கள் கோர்த்துக்கொள்ளும், காந்தம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதே நேரத்தில் சுருளைச் சுற்றவிடாமல் பிடித்திருந்த பூட்டும் விலகிவிடும். கார்ட்ரிஜ் மோட்டார் மேல் இறங்குகிறதா, மோட்டார் எழும்பி வந்து பிடிக்கிறதா என்பது டிரைவின் அமைப்பைப் பொறுத்தது.

இனிமேல்தான் முக்கியமான வேலை. எல்டிஓ கார்ட்ரிஜுக்குள் ஒரே ஒரு சுருள்தான், ஆடியோ கேசட் மாதிரி இரண்டு இல்லை. டேப்பின் முனையில் ஒரு சின்ன உலோகப் பின் மாட்டியிருக்கும், கதவுக்கு உள்பக்கம் செங்குத்தாக நிற்கும். டிரைவில் இருக்கும் ஒரு கொக்கி அந்தப் பின்னைக் கவ்வி, உருளைகளையும் ஹெட்டையும் (டேப்பில் எழுதி, படிக்கும் பகுதி) தாண்டி இழுத்துக்கொண்டு போய், டிரைவுக்குள்ளேயே இருக்கும் இரண்டாவது சுருளின் நடுவில் வெட்டிய குழியில் உட்கார வைக்கும். பின் அந்தக் குழியில் அடங்கி, சுருளின் வட்டம் மேடு பள்ளம் இல்லாமல் ஆனால்தான் மேலே சுற்றும் டேப் பிசகாமல் சுற்றும். இவ்வளவும் முடிய டிரைவைப் பொறுத்துப் பத்து இருபது விநாடி ஆகும், நீங்கள் சொன்ன அந்த "ஒன்றுமே நடக்காத" நேரம் இதுதான்.

திரும்பி வரும் கார்ட்ரிஜுக்கு வருவோம். அதன் லேபிளைப் பாருங்கள். எல்டிஓ-6 டிரைவ் 6-லும் 5-லும் எழுதும், 4-ஐப் படிக்க மட்டும் செய்யும். 3-ஐத் தொடாது, 7-ஐயும் தொடாது. கார்ட்ரிஜில் ஒரு சின்ன சிப் இருக்கிறது, டேப்பைத் தொடாமலேயே டிரைவ் அதைப் படித்துவிடும். கொக்கி இழுக்கிற சத்தமே வராமல் வெளியே துப்புகிறது என்றால் சிப்பைப் படித்துவிட்டு "இது நம்ம வீட்டுக்காரர் இல்லை" என்று முடிவு பண்ணியிருக்கலாம், இல்லையென்றால் சிப்பே செத்திருக்கும். இழுத்துப் பார்த்துவிட்டுத் துப்பினால் பின்னில்தான் கோளாறு, அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கோயில் காவடித் திருவிழாப் பதிவுகள் எல்லாம் ஒரு எல்டிஓ கார்ட்ரிஜில் இருக்கின்றன. அலமாரியின் மேல்தட்டிலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்துவிட்டது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. போட்டுப் பார்க்கலாமா? (வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: உடனே போடாதீர்கள் அக்கா. கீறல் இல்லை என்பதால் உள்ளே பத்திரம் என்று அர்த்தமில்லை. பின்னின் இரண்டு முனைகளையும் பிடித்திருப்பது சின்ன ஸ்பிரிங் கம்பிகள்தான், விழுந்த அதிர்ச்சியில் அது நழுவியிருக்கலாம். முதலில் காதோரம் வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது கலகலத்தால் போடவே கூடாது. அப்புறம் பக்கவாட்டுக் கதவை விரலால் மெல்லத் தள்ளித் திறந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பின் நேராக, மேலும் கீழும் தன் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். சாய்ந்திருந்தாலோ, காணவே காணோம் என்றாலோ டிரைவுக்குள் விடாதீர்கள். கொக்கி அதை அரைகுறையாகக் கவ்வி இழுத்தால் பாதி வழியில் கழன்று டேப் உருளைகளில் சுற்றிக்கொள்ளும், டேப்பும் போய் டிரைவும் போய்விடும். டேப்பைக் கையால் தொட்டுச் சரிசெய்யவும் முயல வேண்டாம். பின்னைத் திரும்ப மாட்டுவதற்கென்றே ஒரு கிட் இருக்கிறது, டேட்டா மீட்பவர்களிடம் இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் ஒரே ஒரு முறை போட்டு, முழுவதையும் வேறு கார்ட்ரிஜுக்குக் காப்பி எடுத்துவிட்டு, விழுந்ததற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். திரும்ப எடுக்க முடியாத பதிவு ஒரே கார்ட்ரிஜில் இருப்பதே எனக்குப் பிடிக்கவில்லை, கமிட்டியில் சொல்லி இன்னொரு பிரதி எடுத்து வேறொருவர் வீட்டில் வையுங்கள்.

கேள்வி: அரை அங்குல டேப்பில் ஆயிரக்கணக்கான தடங்கள் என்கிறார்கள். ஹெட் எப்படிச் சரியான தடத்தில் போய் நிற்கிறது? இன்னொன்று: ஆடியோ கேசட் அழிக்கும் காந்தக் கருவியில் வைத்துச் சில எல்டிஓ டேப்களைச் சுத்தமாக அழித்தோம், அதன் பிறகு எந்த டிரைவும் அவற்றை ஏற்கவில்லை. (வாசகர், அம்ஷ்லாங்கா)

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் முதல் கேள்வியிலேயே இருக்கிறது. எல்டிஓ-6-ல் 2176 தடங்கள் (டேட்டா எழுதப்படும் மெல்லிய வரிசைகள்), ஒரு தடத்தின் அகலம் ஏறக்குறைய 5 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. கார்ட்ரிஜைச் சரியாக உட்கார வைத்து, உருளைகளில் ஒழுங்காக ஓடவிட்டாலும் டேப் மேலும் கீழும் கொஞ்சம் அலையத்தான் செய்யும், இந்த அகலத்துக்கு அந்த அலைச்சலே அதிகம். அதனால் தயாரிக்கும்போதே டேப்பின் நீளம் முழுக்க ஹெட்டுக்கு வழிகாட்டும் ஐந்து பட்டைகளை, சர்வோ பட்டைகளை, எழுதிவிடுகிறார்கள். அவற்றுக்கு நடுவே இருக்கும் நான்கு பட்டைகளில்தான் நம் டேட்டா. சர்வோ பட்டையில் இருப்பது சாய்ந்த கோடுகள், ஒன்று இப்படிச் சாய்ந்தால் அடுத்தது எதிர்ப்பக்கம் சாயும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தே ஹெட் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று டிரைவ் கணக்குப் போட்டு, ஒரு கம்பிச்சுருளும் காந்தமும் கொண்டு ஹெட்டை இம்மி இம்மியாக நகர்த்திக்கொண்டே இருக்கும். அதே கோடுகளில் 7.2 மில்லிமீட்டருக்கு ஒருமுறை நீளவாக்கு முகவரியும் இருக்கிறது, எனவே டேப்பின் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதும் தெரியும்.

எழுதும்போது ஒரே சமயத்தில் 16 தடங்கள். டேப் கடைசி வரை ஓடி, ஹெட் சற்று நகர்ந்து, டேப் திரும்பி ஓடும், இப்படி 136 தடவை. டேப்பின் நீளம் 846 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், ஒரு கார்ட்ரிஜ் நிறைவதற்குள் டேப் நம்ம காம்ரேட்ஸ் மராத்தானையும் (டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓட்டம்) தாண்டி ஓடிவிடுகிறது.

அந்த சர்வோ கோடுகளைத் திரும்ப எழுத எந்த டிரைவாலும் முடியாது, அது தொழிற்சாலையில் மட்டும் நடக்கும் வேலை. உங்கள் காந்தக் கருவி டேட்டாவோடு அந்தக் கோடுகளையும் துடைத்துவிட்டது. கேசட்டில் இது பிரச்சனையே இல்லை, அதில் அழிக்க இப்படி எதுவும் கிடையாது. அந்த எல்டிஓ டேப்களைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கேள்வி: புது எல்டிஓ-9 டேப்பை முதல் தடவை போட்டால் முக்கால் மணி நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. டிரைவ் பழுதா? (வாசகர், டோங்காட்)

பதில்: இல்லை. 9-ல் தடங்கள் இன்னும் நெருக்கம், வெப்பத்திலும் ஈரத்திலும் டேப்பின் அகலம் துளி மாறினாலும் இடிக்கும். அதனால் முதல் முறை போடும்போது அந்தக் கார்ட்ரிஜை அளந்து பதிவு செய்துகொள்கிறது, சில சமயம் இரண்டு மணி நேரம்கூட ஆகும். நடுவில் நிறுத்தாதீர்கள். டேப்பைக் காரிலிருந்து எடுத்து வந்த கையோடு போடவும் கூடாது, டர்பன் பக்கத்துப் புழுக்கத்தில் அது டிரைவ் இருக்கும் அறைக்குப் பழக ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கரண்ட் போனபோது டேப் உள்ளேயே மாட்டிக்கொண்டது. இடுக்கியால் எடுக்கலாமா? (வாசகர், பீனிக்ஸ்)

பதில்: கூடாது. டேப் இரண்டு சுருளிலும் பாதிப் பாதியாக இருக்கிறது, இழுத்தால் அறுந்துவிடும். கரண்ட் வந்ததும் டிரைவே மெல்லச் சுற்றி டேப்பைக் கார்ட்ரிஜுக்குள் திருப்பிவிடும், சில நிமிடங்கள் ஆகலாம், அதன் பிறகு வெளியேற்றும் பொத்தானை அழுத்துங்கள். யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரோடு டிரைவையும் சேர்த்து மாட்டுங்கள், கம்ப்யூட்டரை மட்டும் அதில் மாட்டிவிட்டு டிரைவைச் சுவர் பிளக்கில் விட்டிருப்பவர்கள்தான் அதிகம்.