‘எட்டு ரிக்டர் தாங்கும்’ சர்டிஃபிகேட்டை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் பழைய ஃபிளாட் ஒன்று பார்த்திருக்கிறோம், நாலாவது மாடி. கட்டடம் 8 ரிக்டர் தாங்கும் என்று புரோக்கர் சர்டிஃபிகேட் காட்டுகிறார். ஒரே நிலநடுக்கத்துக்கே செய்தியில் இரண்டு எண் வருகிறது. எதை நம்புவது?

பதில்: முதலில் அட்வான்ஸை நிறுத்துங்கள். அந்தச் சர்டிஃபிகேட் வெறும் காகிதம். ரிக்டர் எண், பூமிக்குள் பாறை நழுவிய இடத்தில் அதிர்ச்சி எவ்வளவு பெரியது என்பதைத்தான் சொல்லும். உங்கள் வீடு எவ்வளவு ஆடும் என்பது தூரம், ஆழம், அடிமண் எல்லாவற்றையும் பொறுத்தது. 2025 பிப்ரவரி 17 அதிகாலை தௌலா குவான் பக்கம் வந்தது 4.0தான், ஆனால் 5 கிலோமீட்டர் ஆழத்தில், ஊருக்கு நேர் கீழே வந்ததால் பாதித் தில்லி தெருவுக்கு ஓடி வந்துவிட்டது.

இரண்டு எண் வருவதில் மோசடி இல்லை. 2023 நவம்பரில் நேபாளத்தின் ஜாஜர்கோட்டில் வந்ததற்கு நம் தேசிய நில அதிர்வு மையம் 6.4 என்றது, அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் 5.7 என்றது. கருவிகள் நிற்கும் இடம் வேறு, கணக்கிடும் முறையும் வேறு. ‘இன்றிரவு பெரியது வரும்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிடுங்கள், அதை யாராலும் சொல்ல முடியாது.

தூரம் கூடக் கூட ஆட்டம் குறையும் என்பதற்கு ஒரு விஷயம் மட்டும் விதிவிலக்கு. ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் மலையடியில், 150 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் வரும் அதிர்ச்சி இவ்வளவு தூரம் தாண்டியும் இங்கே தெரியும், 2023 மார்ச் 21 இரவு வந்ததுபோல. சீக்கிரம் துடிக்கும் அலைகள் வழியிலேயே தேய்ந்துவிடும், மெதுவாக ஆட்டும் அலைகள் வந்து சேரும். அவை உயரமான கட்டடங்களைத்தான் அதிகம் ஆட்டும். இருபதாவது மாடியில் ஃபேன் ஊஞ்சலாடும், கீழே டீக்கடைக்காரருக்கு ஒன்றுமே தெரியாது. அதை வைத்து உங்கள் நாலு மாடியை எடை போடாதீர்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது கீழ்த்தளத்தை. சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் கார் பார்க்கிங்கா? 2001 பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் இப்படிப்பட்ட கட்டடங்கள்தான் பல விழுந்தன. அப்புறம் தூண்களும் உத்தரங்களும் எப்படிக் கட்டப்பட்டன என்று காட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கும் மண் பரிசோதனை அறிக்கையும் கேளுங்கள். மயூர் விஹார் யமுனையின் வண்டல் மண், அதிர்ச்சியைப் பெருக்கிக் காட்டும். ஆபீஸில் கேட்டால் ஃபைல் கிடைக்கவில்லை என்பார்கள். குடியிருப்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட காகிதத்தைப் பத்திரமாக வைக்கக்கூடத் துப்பில்லாத ஏற்பாடு இது, எழுதும்போதே கோபம் வருகிறது. டிராயிங் கிடைக்காவிட்டால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை நீங்களே தேடிப்பிடித்துக் காசு கொடுத்துத் தூண்களைச் சோதிக்கச் சொல்லுங்கள், புரோக்கர் கூட்டி வருபவர் வேண்டவே வேண்டாம்.