ஊழியத்துக்கு ஆண்டவரோட அழைப்பு வந்தா வேலையை விடணுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எனக்கு 31 வயசு, ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல வேலை. போன கன்வென்ஷன்ல முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கறவங்க எழுந்து நில்லுங்கன்னு சொன்னப்ப நானும் நின்னேன். அப்பா பக்கவாதம் வந்து படுக்கைல இருக்காரு, காலைல நான்தான் அவரைத் துடைச்சு, டயப்பர் மாத்தி, கஞ்சி குடுத்துட்டு வேலைக்குக் கிளம்புவேன். வீட்டு லோன் வேற ஓடுது. ஜெபக்குழுல இருக்கறவங்க "கலப்பைல கை வெச்சுட்டு திரும்பிப் பார்க்காதே"ங்கறாங்க. நான் ஆண்டவருக்குக் கீழ்ப்படியாம இருக்கேனா? – பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: இல்ல தம்பி. காலைல அப்பாவுக்குக் கஞ்சி குடுக்கறீங்களே, அதுவே ஆண்டவர் சொன்னதைச் செய்யறதுதான், அப்பா அம்மாவைக் கனம்பண்ணணுங்கறது பத்துக் கட்டளைல இருக்கு. பெத்தவங்களுக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", காணிக்கையா குடுத்தாச்சுன்னு சொல்லி தப்பிச்சுக்கறவங்களை இயேசு எவ்வளவு கடுமையா பேசினாருன்னு மாற்கு 7ஆம் அதிகாரத்துல பாருங்க.

கலப்பை வசனம் லூக்கா 9ல இருக்கு, அதை நான் மழுப்பப் போறதில்ல, சாக்கு சொல்லிச் சொல்லியே நாளைத் தள்ளறவங்களை அது உலுக்கத்தான் செய்யும். ஆனா அதுக்கு முந்தின அதிகாரத்தையும் உங்க நண்பர்கள் படிக்கணும், பிசாசு பிடிச்சு கல்லறைல கிடந்த மனுஷன் சுகமானதும் நானும் உங்ககூடவே வரேன்னு கெஞ்சறான், இயேசு அவனைக் கூட்டிட்டுப் போகல, உன் வீட்டுக்குப் போ, தேவன் உனக்குச் செஞ்சதை அங்க சொல்லுன்னு அனுப்பிட்டாரு. வீட்டுக்குப் போனதும் கீழ்ப்படிதல்தான்.

இன்னொண்ணு சொல்றேன். ஐடா ஸ்கடர் அம்மா 1870ல ராணிப்பேட்டைல ஒரு மிஷனரி குடும்பத்துல பிறந்தவங்க, ஆனா நான் மிஷனரியா ஆகவே மாட்டேன்னு உறுதியா இருந்தவங்க. அமெரிக்கால படிப்பை முடிச்சுட்டு திண்டிவனத்துக்கு வந்ததே உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கறதுக்குத்தான். அங்க ஒரே ராத்திரில மூணு வீட்டு ஆம்பளைங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து நிக்கறாங்க, மூணு பேர் மனைவிக்கும் பிரசவ வலி, ஐடாவோட அப்பா டாக்டர், அவர் வரேங்கறாரு, வேத்து ஆம்பளை எங்க வீட்டுப் பொம்பளையைப் பார்க்கக்கூடாது, நீங்க வாங்கம்மான்னு இவங்களைக் கூப்பிடறாங்க, இவங்களுக்கோ வைத்தியமே தெரியாது. விடிஞ்சு பார்த்தா அந்த மூணு பொம்பளைங்களும் செத்துப்போயிட்டாங்க. அப்புறம்தான் அவங்க டாக்டருக்குப் படிச்சாங்க, 1899ல முடிச்சாங்க, 1900ல வேலூர்ல ஒரே ஒரு கட்டிலோட வைத்தியம் ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு நாம சி.எம்.சி.ன்னு சொல்ற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அதுதான். அம்மாவைப் பார்த்துக்க வந்த இடத்துலதான் அவங்களுக்கு அழைப்பு வந்துச்சுங்கறதை மறந்துடாதீங்க தம்பி.

அதுக்காக நீங்க எழுந்து நின்னது சும்மா உணர்ச்சின்னு நான் சொல்லல. வெள்ளாளன்விளைல பிறந்த அசரியா 1903ல இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சப்ப முன்னால நின்னவரு, ஆனா அவரே தெலுங்கு நாட்டுல இருக்கற டோர்னக்கலுக்கு மிஷனரியா போனது 1909லதான், அதுவரைக்கும் ஒய்.எம்.சி.ஏ. வேலையைத்தான் பார்த்தாரு. 1912ல அங்கயே பேராயர் ஆனாரு, இந்தியர்கள்ல முதல் ஆங்கிலிக்கன் பேராயர் அவருதான். அழைப்பு நிஜமா இருந்தா சில வருஷம் காத்திருக்கறதால அது செத்துப்போகாது.

ஒண்ணு மட்டும் எனக்கு உறுத்துது. இவ்வளவு எழுதியிருக்கீங்க, கல்யாணம் ஆயிடுச்சான்னே தெரியல, ஆகியிருந்தா அவங்க என்ன நினைக்கறாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. முதல்ல வீட்ல உட்கார்ந்து பேசுங்க. உங்க சபைப் போதகர் ஐயாகிட்ட போய், கிராம ஊழியத்துல ஞாயித்துக்கிழமை மத்தியானம் எனக்கு ஏதாவது வேலை குடுங்கன்னு கேளுங்க, உங்களுக்கு அந்த வரம் இருக்கா இல்லையான்னு சபையும் பார்க்கட்டும். லோனை யார் தலைலயும் கட்டிட்டுப் போகாதீங்க.

கேள்வி: "ஆண்டவர் என்கிட்ட பேசினாரு"ன்னு எல்லாரும் சாட்சி சொல்றாங்க, எனக்கு ஒரு சத்தமும் கேட்டதில்லையே? – ஒரு வாசகி, மதுரை

பதில்: ஆலயத்துல வளர்ந்த சின்னப் பையன் சாமுவேலைக் கர்த்தர் மூணு தடவை கூப்பிட்டும் அவனுக்குப் புரியல தங்கச்சி, ஆசாரியர் ஏலிதான் கூப்பிடறாருன்னு எழுந்து எழுந்து ஓடினான், இது கர்த்தர்டான்னு ஏலிதான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்துச்சு. அந்த அதிகாரத்துல, 1 சாமுவேல் 3ல, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அடுத்த நாள் காலை, கர்த்தர் பேசினதைக் கேட்டவன் விடியற வரைக்கும் படுத்திருந்துட்டு எழுந்து ஆலயத்துக் கதவைத் திறக்கறான், அது அவனோட வழக்கமான வேலை. சத்தம் கேட்கலையேன்னு அழாதீங்க, வேதத்துல தெளிவா சொல்லியிருக்கறதைச் செய்யுங்க, பெரியவங்க யாராவது ஒருத்தர்கிட்ட மனசு விட்டுப் பேசுங்க.

கேள்வி: டைல்ஸ் கடைல பில்லிங் பார்க்கறேன். ஜி.எஸ்.டி. வேண்டாம்கறவங்களுக்கு பில் போடாம, எஸ்டிமேட்னு துண்டுச்சீட்டு எழுதிக் குடுக்கச் சொல்றாரு முதலாளி. ஆண்டவர்தான் இந்த வேலையைக் குடுத்தாருன்னு நம்பறேன், ஆனா ஒவ்வொரு சீட்டு கிழிக்கும்போதும் மனசு குத்துது. வேலையை விட்டா வீட்ல அடுப்பு எரியாது. – ஒரு சகோதரி, நாகர்கோவில்

பதில்: அந்தக் குத்தலைத் தயவுசெஞ்சு மரத்துப்போக விடாதீங்கம்மா, அது ஆண்டவர் உங்ககிட்ட பேசறதுதான். யோவான் ஸ்நானகன்கிட்ட வரி வசூலிக்கறவங்க வந்து நாங்க என்ன செய்யணும்னு கேட்டப்ப, வேலையை விடுன்னு அவர் சொல்லல, விதிச்சதுக்கு மேல வாங்காதேன்னுதான் சொன்னாரு. அதனால வேலையைத் தூக்கிப் போடுங்கன்னு நானும் எடுத்த எடுப்புல சொல்ல மாட்டேன், ஆனா சீட்டு எழுதுங்கன்னும் சொல்ல முடியாது.

பாபிலோனுக்குச் சிறைபிடிச்சுட்டுப் போன தானியேல் அங்க அரமனைல செஞ்சதைச் செய்யுங்க. ராஜா சாப்பாடு வேண்டாம்னு அவன் சண்டை போடல, முதல்ல பெரிய அதிகாரிகிட்ட பணிவா கேட்டான், அவர் பயந்ததும் தங்களைப் பார்த்துக்கற ஆள்கிட்ட போய் பத்து நாள் காய்கறியும் தண்ணியும் குடுத்துச் சோதிச்சுப் பாருங்கன்னு ஒரு வழியையும் சொன்னான். நீங்களும் முதலாளி தனியா இருக்கற நேரமா பார்த்து, அண்ணாச்சி, கணக்கு, ஸ்டாக், பாக்கி வசூல் எதுனாலும் பார்க்கறேன், இந்தச் சீட்டு மட்டும் என்னால எழுத முடியாதுன்னு சொல்லுங்க. மத்தவங்க முன்னாடி பேசி அவரை அவமானப்படுத்த வேண்டாம். அவர் ஒத்துக்காம போகவும் வாய்ப்பு இருக்கு, அதனால இப்பவே ரெண்டு மூணு இடத்துல வேலைக்குச் சொல்லி வைங்க, சபைல பெண்கள் ஐக்கியத்துல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லி ஜெபிக்கச் சொல்லுங்க. அதோட, சபைக்காரங்களுக்கும் இதைச் சொல்றேன், வேலை போனா அந்தக் குடும்பத்துக்கு ரெண்டு மாசத்து அரிசி பருப்பு வாங்கிக் குடுக்க வேண்டியது நீங்கதான்.