லோடு வண்டிக்கு டீசலா, பெட்ரோலா? பட்டறையிலிருந்து சில பதில்கள்

ஒட்டன்சத்திரம் பக்கம் 24 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வருவதில் முக்கால்வாசி, இரண்டு டன்னுக்குள் பாரம் ஏற்றுகிற சின்ன வண்டிகள். "புது வண்டி எடுக்கிறவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று சொன்னாலும் சொன்னேன், கேள்விகள் கொட்டிவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தாம்பரத்தில் தண்ணீர் கேன் போடுபவர்: அண்ணா, சொந்தமாகக் குட்டி யானை எடுக்கப்போகிறேன். தினமும் 45 கி.மீ., எல்லாம் தெருவுக்குள்தான். லோடு வண்டி என்றால் டீசல்தான் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். கொட்டேஷனில் டீசலுக்கு 90,000 ரூபாய் கூடுதல்.

அப்பா சொல்வது அவர் காலத்துக்கு ரொம்பச் சரி தம்பி. 2005இல் குட்டி யானை, அதாவது டாடா ஏஸ், இறங்கியபோது டீசல் மட்டும்தான் இருந்தது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். மேட்டில் மூச்சு வாங்கும், ஆனால் எண்ணெய்ச் செலவு கையைக் கடிக்காது. 2012 மே மாதம் டில்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தொட்டபோது டீசல் 41தான். அந்த 30 ரூபாய் இடைவெளிதான் நம் ஊரில் 'லோடு வண்டின்னா டீசல்' என்ற பேச்சையே வளர்த்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். இடைவெளி சுருங்கிச் சுருங்கி, 2020 ஜூனில் டில்லியில் டீசல் பெட்ரோலைத் தாண்டியே போனது. இப்போது நம் பக்கம் எட்டு ஒன்பது ரூபாய் வித்தியாசத்தில் நிற்கிறது.

கணக்கைப் பேப்பரில் போட்டு அப்பாவிடம் காட்டுங்கள். பெட்ரோல் 101, டீசல் 92.50 என்று வைப்போம். லோடோடு தெருவுக்குள் நின்று நின்று ஓடினால் லிட்டருக்குப் பெட்ரோல் 14 கி.மீ., டீசல் 18 கி.மீ. கொடுக்கிறது என்று வைப்போம். கி.மீ.க்குப் பெட்ரோலுக்கு 7.21 ரூபாய், டீசலுக்கு 5.14. மிச்சம் 2.07. டீசல் ஃபில்டர், கூடுதல் ஆயில், பின்னால் வரப்போகும் இன்ஜெக்டர் வேலை எல்லாவற்றுக்கும் 40 பைசா கழியுங்கள். கையில் நிற்பது 1.67. அந்த 90,000 ரூபாயை எடுக்க நீங்கள் கிட்டத்தட்ட 54,000 கி.மீ. ஓட்ட வேண்டும். தினம் 45, மாதம் 26 நாள் என்றால் 46 மாதம். டியூ கட்டி முடிக்கிற சமயத்தில்தான் டீசல் லாபம் காட்டத் தொடங்கும். கூடுதல் 90,000க்குக் கட்டுகிற வட்டியை நான் சேர்க்கவே இல்லை.

பெட்ரோலே எடுங்கள். 2020இல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த கையோடு ஏஸிலேயே பெட்ரோல் வந்துவிட்டது. மாருதி சூப்பர் கேரி 2016இல் டீசலோடுதான் வந்தது. 2020 ஏப்ரலோடு டீசலையே விட்டுவிட்டது. கம்பெனிக்காரனுக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

திருப்பூரிலிருந்து: எனக்கு தினமும் 150 கி.மீ. ஓட்டம். எனக்கும் அதே பதில்தானா?

இல்லை. அதே கணக்கில் உங்களுக்கு 14 மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். டீசல் எடுங்கள்.

பழனியிலிருந்து: அண்ணே, கொடைக்கானலுக்கு மளிகையும் சிமெண்டும் ஏற்றிப்போய், இறங்கும்போது பூண்டு, கேரட் கொண்டுவருவேன். ஒன்றேகால் டன்னுக்குக் குறையாது. பெட்ரோல் வண்டியில் குதிரைத்திறன் அதிகம் என்று சேல்ஸ்மேன் சொல்கிறார். அது மலை ஏறாதா?

ஏறும். ஆனால் கத்திக்கொண்டே ஏறும். குதிரைத்திறன் என்பது இன்ஜினை முழுக்க முறுக்கினால் கிடைப்பது. கொண்டை ஊசி வளைவில் வேகத்தை இழந்து, மறுபடி பாரத்தை நகர்த்தும்போது வேண்டியது இழுவை. அது எந்த ஆர்.பி.எம்.மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது கிடைக்கிறது என்று பாருங்கள். பொலேரோ பிக்கப்பின் இரண்டரை லிட்டர் டீசல், லேலண்ட் தோஸ்தின் ஒன்றரை லிட்டர் மூன்று சிலிண்டர் டீசல், இவையெல்லாம் 2,000 ஆர்.பி.எம். பக்கத்திலேயே முழு இழுவையைக் கொடுத்துவிடும். சின்ன பெட்ரோலில் மலையில் அந்த இழுவை வேண்டுமென்றால், முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் உறுமவிட வேண்டியதுதான். கிளட்ச் பிளேட்தான் கணக்கைத் தீர்க்கும்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் சொல்லமாட்டார்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினுக்கு மேலே போகப்போக மூச்சு முட்டும். பழனியில் இருந்த சக்தியில் கிட்டத்தட்ட ஆறில் ஒன்று அங்கே இருக்காது. டர்போ டீசல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அவ்வளவு விட்டுக்கொடுக்காது. உங்களுக்கு டீசல்தான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இறங்கும்போது எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் மட்டும் விடாதீர்கள். அப்படி விட்டு பிரேக் டிரம் சூட்டில் நீலமாகிப்போன வண்டிகளை வருடத்துக்கு நான்கைந்து கழற்றுகிறேன்.

பால் வேன் வைத்திருப்பவர், தாராபுரம்: 2021 டீசல் வண்டி. மீட்டரில் மஞ்சள் விளக்கு வந்து வந்து போகிறது. வண்டி இழுக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் சைலன்சர் ஃபில்டர் மாற்ற 70,000 ஆகும் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். அவசரப்படுகிறார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

உங்கள் வண்டியின் புகைக்குழாய் வழியில் தேன்கூடு மாதிரி பீங்கானில் ஒரு வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். டீசல் கரியை அது பிடித்துவைத்துக்கொள்ளும். நிரம்பினால் இன்ஜின் தானாகக் கூடுதல் டீசல் விட்டு, சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றி, கரியை எரித்துவிடும். இதற்கு வண்டி நிற்காமல் 15, 20 நிமிடமாவது ஓட வேண்டும். பால் வண்டி எங்கே அப்படி ஓடுகிறது? மூன்று கி.மீ. போய் நிற்கும், கேன் இறக்கும், மறுபடி மூன்று கி.மீ. பாதி எரியும்போதே சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம்.

போன ஐப்பசியில் உங்களுடையதைப் போலவே ஒரு பால் வண்டி வந்தது. டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. "ஆயில் குறையலண்ணே, ஏறுது. நல்லதுதானே?" என்கிறார் டிரைவர், முகமெல்லாம் சிரிப்பு. விரலில் தொட்டுத் தேய்த்தேன். வழுவழுப்பே இல்லை, தண்ணியாக ஓடியது. மோந்து பார்த்தால் டீசல் வாடை. கரியை எரிக்க விட்ட டீசல் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயில் சட்டிக்குள் இறங்கியிருக்கிறது. அதையே நல்ல செய்தி என்று இன்னும் இரண்டு மாதம் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும்.

முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஏறியிருந்தால் ஆயிலை மாற்றுங்கள், கையேட்டில் சொன்ன கிரேடு மட்டும்தான், விலை குறைந்த ஆயில் வேண்டாம். பிறகு ஸ்கேனர் உள்ள இடத்தில் வண்டியை நிறுத்திவைத்தே எரிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு ஃபில்டர் விலையில் ஒரு துளி. அதிலும் தேறவில்லை என்றால்தான் கழற்றுவது, மாற்றுவதெல்லாம். தேறிவிட்டால் வாரம் ஒருமுறை பைபாஸில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். விளக்கு எரியும்போது அணைக்காதீர்கள். 'ஃபில்டரைக் குடைந்து எடுத்துவிடலாம்' என்று சிலர் சொல்வார்கள். சட்டப்படி குற்றம், எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்கும்போது புகைச் சோதனையில் மாட்டும்.

அடுத்த வண்டி பெட்ரோல் எடுங்கள். பால் ஓட்டத்துக்கு டீசல் இனி ஒத்துவராது.

திருச்செங்கோட்டிலிருந்து: டீசல் வண்டிக்கு ஊற்றும் யூரியாவை நாமே கலக்கிக்கொள்ளலாமா? உரக்கடை யூரியாதானே?

கூடாது. புகையிலுள்ள நச்சைக் குறைக்க ஊற்றுகிற அந்தத் திரவம் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மிச்சம் தாது நீக்கிய தண்ணீர். உரக்கடை மூட்டையில் இருப்பது வேப்ப எண்ணெய் பூசியது, அதுவும் மானியத்தில் வருவது. நாசில் அடைத்துக்கொள்ளும். இருபது லிட்டரில் மிச்சம் பிடித்து, பல ஆயிரத்துக்கு நாசில் வாங்குவீர்கள். எல்லா டீசல் வண்டிக்கும் இது தேவையும் இல்லை. டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி இருந்தால் மட்டும்தான்.

மதுரையிலிருந்து: பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களே, இன்ஜின் கெட்டுவிடாதா?

2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளை 20 சதவீத எத்தனாலுக்குத் தோதாகத்தான் செய்கிறார்கள். பழைய பெட்ரோல் வண்டியில் ரப்பர் குழாய், சீல்களை வருடம் ஒருமுறை பாருங்கள். மைலேஜ் கொஞ்சம் விழும், அது நிஜம். எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைப்போல மூன்றில் இரண்டு பங்கு சக்திதான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் மொத்தத்தில் ஆறு ஏழு சதவீதம் சக்தி குறைவு. கணக்குப் போடும்போது ஷோரூமில் சொல்லும் மைலேஜை நம்பாதீர்கள். அதே வண்டியை அதே மாதிரி லோடில் ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். டேங்கை வாய்வரை நிரப்பி, மூன்று நாள் ஓட்டி, அதே பெட்ரோல் பங்கில் மறுபடி வாய்வரை நிரப்பிப் பார்த்த கணக்குதான் கணக்கு.

கிளிநொச்சியிலிருந்து: அண்ணை, தோட்டத்து மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோக வாகனம் பார்க்கிறன். பழைய டீசல் பட்டா ஒன்றும், ஜப்பான் பெட்ரோல் குட்டி லொறி ஒன்றும் ஒரே விலைக்கு வருகுது. எது நல்லது?

இங்கே குட்டி யானை என்பதைத்தான் அங்கே பட்டா என்கிறீர்கள், டிமோ கம்பெனி கொண்டுவந்து விற்ற பெயர். தம்பி, எரிபொருளைப் பார்க்குமுன் எடையைப் பாருங்கள். ஜப்பான் குட்டி லொறிகள் 660 சிசி. அவர்கள் ஊர்ச் சட்டப்படி ஏற்றலாம் என்பது 350 கிலோதான். பட்டா அதைப்போல இரண்டு மடங்கு தாங்கும். பூசணியும் வெங்காயமும் என்றால் பட்டா. கீரை, கத்தரி, கூடவே வீட்டு வேலை என்றால் ஜப்பான் வண்டி சொகுசு, சத்தமும் இல்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டு வரிசையை நினைத்து எது கிடைக்கும் எது கிடைக்காது என்று முடிவெடுக்க வேண்டாம். அப்போது கியூஆர் காட்டி வாரப் பங்குக்கு நின்றதில் பெட்ரோல்காரரும் இருந்தார், டீசல்காரரும் இருந்தார். உங்கள் சந்தியில் எந்த மெக்கானிக் இருக்கிறார், அவருக்கு எது கைவந்தது, அதைக் கேளுங்கள்.

கரூரிலிருந்து: பழைய வண்டி வாங்குகிறேன். 2016 டீசல் ஏஸ். என்ன பார்க்க வேண்டும்?

விடிகாலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் சீட்டைத் தூக்கி இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகவே ஒருமுறை ஓட்டிவைத்திருக்கிறார் என்று அர்த்தம். டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆறியிருந்தால் செல்ஃப் அடியுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் வேலை. கருப்புப் புகை நிற்கவே இல்லை என்றால் நாசிலோ பம்போ. வெள்ளைப் புகை காலையில் கொஞ்சம் வருவது சகஜம்; பத்து நிமிடம் ஆகியும் வந்தால் சந்தேகப்படுங்கள். ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், அடுப்பு ஊதுவதுபோல குபுகுபுவென்று காற்று வந்தால் இன்ஜின் இறக்கியாக வேண்டும். ஒன்று, அந்தக் காலத்து இன்ஜின் என்பதால் நம்மூர் பட்டறையிலேயே வேலை முடியும். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருடாவருடம், அந்தச் செலவைப் பேரத்தில் கழியுங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கோவையிலிருந்து: சி.என்.ஜி. எப்படி?

ஓட்டுகிற வழியில் கேஸ் போடும் பங்க் இரண்டாவது இருந்தால் யோசிக்கலாம், ஒன்றே ஒன்று என்றால் வேண்டாம். சிலிண்டர் எடை உங்கள் பாரத்தில்தான் கழியும், இழுவை கொஞ்சம் குறையும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் டெஸ்ட் உண்டு. சமவெளியில் பார்சல் ஓட்டுகிறவர்களுக்கு நல்ல மிச்சம். சூப்பர் கேரி சி.என்.ஜி.யில் அவசரத்துக்கு ஐந்து லிட்டர் பெட்ரோல் டேங்கும் உண்டு. அதையே நம்பிக் கிளம்பாதீர்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: பங்கில் பையன் டீசல் வண்டியில் பெட்ரோல் போட்டுவிட்டான். வண்டி அங்கேயே நிற்கிறது. மெதுவாக ஓட்டி வரலாமா?

சாவியையே திருப்பாதீர்கள்! டீசல்தான் பம்புக்கு மசகு எண்ணெய் மாதிரி; பெட்ரோல் போனால் உலோகம் உலோகத்தோடு உரசும். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் தாங்குகிற பம்ப் அது, உள்ளே ஒரு பொடி கிளம்பினால் இன்ஜெக்டர்வரை போய்விடும். நான்கு பேர் சேர்ந்து ஓரமாகத் தள்ளுங்கள், டேங்கை அங்கேயே இறக்கிக் கழுவினால் போதும். மூடியில் பெயிண்டில் பெரிதாக 'டீசல்' என்று எழுதிவையுங்கள்.

எல்லாருக்கும் சொல்கிறீர்களே, நீங்கள் என்ன வண்டி வைத்திருக்கிறீர்கள்?

பட்டறைக்குச் சாமான் எடுத்துவர பெட்ரோல் குட்டி யானை. தினமும் 20 கி.மீ. கூட ஓடாது. காய்கறி மார்க்கெட் வாசலில் நிறுத்தினால் டீசல் டிரைவர்கள் "என்னண்ணே, வண்டி ஆஃப்ல இருக்கா ஆன்ல இருக்கா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள்.